மெழுகு செதுக்கி நகை செய்யப் பழகுதல்: வன்னியில இருந்துகொண்டு எங்க தொடங்கிறது?

ஒட்டுசுட்டான்_கோலம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான். சின்னனில இருந்து கீறுறதில விருப்பம். மெழுகில செதுக்கி, அதை வெள்ளியில வார்த்து மோதிரம், பென்டன் செய்யிற வேலையைப் பழகோணும் எண்டு கனநாளா ஆசை. எங்கட பெரியப்பா பத்தர் வேலை செய்தவர். அவற்றை பட்டறைச் சாமான் இன்னும் வீட்டில கிடக்கு. உமியோடு, ஊதுகுழல், கம்பியச்சு, சாமணம், சின்ன அரங்கள் எல்லாம் இருக்கு. ஆனா அவர் தகட்டிலயும் கம்பியிலயும்தான் வேலை செய்தவர். மெழுகு வேலை இந்தப் பக்கம் ஆரும் செய்து நான் காணேல்லை.

எந்த மெழுகு வாங்கோணும்? மெசின் இல்லாமல் ஏலுமோ? வார்க்கிறதுக்கு எங்க போறது? இன்னொண்டு, எங்களுக்குக் காட்டுத்தேன் எடுக்கிற ஆக்களிட்டை இருந்து தேன்மெழுகு வாங்கலாம். அதிலயே செதுக்கேலாதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லித் தாங்கோ.

கிளிநொச்சி_வாளரம்:
தங்கச்சி, முதல்ல ரெண்டு வேலையையும் பிரிச்சுப் பாருங்கோ. செதுக்கிறது ஒரு வேலை, வார்க்கிறது வேறை வேலை. நல்லாச் செதுக்கிற கனபேர் தாங்கள் வார்க்கிறேல்லை. மெழுகைக் குடுத்து வார்த்து எடுக்கினம். உலை வேணும், வெற்றிடப் பம்பி வேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டால் காலம்தான் போகும். நீங்கள் நாளைக்கே தொடங்கக்கூடியது செதுக்கிற வேலை. அதுக்குக் கரண்டும் வேண்டாம்.

நகைக்கெண்டு விக்கிற செதுக்குமெழுகு கூடுதலா மூண்டு நிறத்தில வரும். பச்சை மற்ற ரெண்டையும் விட வன்மை. கூரான விளிம்பு, நுணுக்கமான கோடு எல்லாம் அதில அப்பிடியே நிக்கும், ஆனா வளைச்சால் முறியும். நீலம் மென்மை, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், கத்தியால சீவ நல்லம். ஊதா ரெண்டுக்கும் நடுவில. பழகிறதுக்கு ஊதாவை எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். அரத்துக்கும் ஒத்துவரும், கத்திக்கும் ஒத்துவரும். மோதிரத்துக்கு நடுவில ஓட்டை உள்ள குழாய் வடிவத்தில வரும், பென்டனுக்குக் கட்டியா வரும். இந்த வன்மெழுகு உருக 110 பாகை செல்சியஸ் அளவில வேணும். ஆனபடியால் எங்கட கச்சான் காத்துக் காலத்து வெயிலிலயும் மேசையில இளகாது. வீட்டு மெழுகுதிரியை நம்பி இறங்காதேங்கோ, அது அரத்தில நொருங்கும், கையில இளகும்.

சாமானைச் சொல்லுறன். முறுக்கு அலகு போட்ட வாள் வேணும். தங்கம் அறுக்கிற சாதாரண அலகு மெழுகுக்குள்ள சூடேறி ஒட்டிப்போகும். முறுக்கு அலகு எல்லாப் பக்கமும் வெட்டும், ஒட்டாது. பரும்பல் அரம் ஒண்டு, அரைவட்ட அரம் ஒண்டு. பெரியப்பாவின்ர அரங்களை இதுக்குத் தொடாதேங்கோ. உலோகத் துகள் மெழுகில ஏறினால் வார்க்கேக்க அந்த இடம் பழுதாகும். மெழுகு அரம் எண்டு தனியா வைச்சிருக்கோணும். பிறகு கவராயம், ஸ்கேல், வேர்ணியர் இடுக்கிமானி. பல் வைத்தியர் பாவிக்கிற சுரண்டிகள் கிடைச்சால் இந்த வேலைக்கு அதை விட நல்லது இல்லை. ஒரு ஸ்பிரிட் விளக்கும் பழைய ஊசியும். மோதிரக் குழாயின்ர உள் ஓட்டையைப் பெருப்பிக்க, பக்கத்தில அலகு வைச்ச கூம்புத் தடி ஒண்டு இருக்கு. அதை ரெண்டு பக்கத்தாலயும் மாறி மாறிச் சுத்தோணும். ஒரு பக்கத்தால மட்டும் சுத்தினால் மோதிரம் ஒரு வாய் அகலம், மற்ற வாய் ஒடுக்கமா வரும்.

முதல் வேலையா இலை, கொடி, மயில் எண்டு போகாதேங்கோ. வெறும் பட்டை மோதிரம் ஒண்டு செய்யுங்கோ. ரெண்டு பக்கமும் சமாந்தரமா இருக்கோணும், தடிப்பு எல்லா இடமும் ஒரே அளவா இருக்கோணும். அது லேசான வேலை எண்டு நினைக்காதேங்கோ. கையில அளவு வந்து இருக்கிறது அங்கதான்.

கும்பகோணம்_வார்ப்பு:
வணக்கம் சகோதரி. தேன்மெழுகு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தேன்மெழுகையே பயன்படுத்துகிறார்கள், ஆனால் தனியாக அல்ல. தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்துச் சேர்த்து, கடலை எண்ணெயும் ஊற்றிக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் மெழுகை இறுக்கும், எண்ணெய் இளக்கம் தரும். வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி அளவை மாற்றுவது அவர்கள் கைப்பக்குவம். உருவம் முடிந்ததும் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்தபின் மேலும் மண் கட்டி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நகைப் பட்டறைகளில் இன்று நடப்பதும் அடிப்படையில் இதே முறைதான். மண்ணுக்குப் பதில் வார்ப்புச் சாந்து வந்திருக்கிறது, அவ்வளவே.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். அது பிசைந்து, உருட்டி, ஒட்டி வடிவம் கொண்டுவர ஏற்ற மெழுகு. அரத்தால் ராவி எடுக்கும் வேலைக்கு அது வராது. ஆகவே உங்கள் காட்டு மெழுகை வீணாக்க வேண்டாம். பூ இதழ், கொடி, மணி உருண்டை போன்றவற்றை அதில் கையாலேயே செய்து பழகலாம். துணியில் வடிகட்டி, தேன் பிசுக்கும் பூச்சித் துகளும் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரூற்று_பட்டறை:
பிள்ளை குறை நினைக்கக் கூடாது, மனதில பட்டதைச் சொல்லுறன். எங்கட வீடு பத்தர் வீடு. தகட்டை அடிச்சு, கம்பியை இழுத்து, வெங்காரம் தடவி, ஒட்டுறதுக்குப் பொடி வைச்சு ஊதிச் செய்யிற நகைக்கும் வார்த்த நகைக்கும் வித்தியாசம் இருக்கு. அடிக்க அடிக்க உலோகம் இறுகும், வார்த்தது அப்பிடி இறுகாது. வார்த்த நகையில கண் தெரியாத துவாரம் இருக்கும், மெருகு போடேக்கதான் அது வெளியில வரும். பாரமும் கூட. ஒரு பவுணில முடிக்கிற வேலையை வார்ப்பில ரெண்டு பவுணுக்குக் கொண்டுபோவினம். காசு குடுக்கிற சனம் பாவம்.

அதோட பொன்னுருக்கை யோசியுங்கோ. மாப்பிள்ளை வீட்டில நல்லநாள் பாத்து, சபையில வைச்சு உருக்கிற பொன்னில்தான் தாலி செய்யோணும். அந்தப் பொன்னைக் கொழும்பு வார்ப்புக் கடைக்கு அனுப்பினால், பத்துப் பேற்றை பொன்னோட அது கலந்துபோகும். அது எங்கட முறையில்லை. பெரியப்பா பட்டறையை விட்டுட்டுப் போயிருக்கிறார் எண்டால் அதில குந்துங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

கிளிநொச்சி_வாளரம்:
ஐயா சொன்னதில ஒண்டையும் நான் பிழையெண்டு சொல்லமாட்டன். துவாரம் வரும், உண்மை. உலோகமோ அச்சோ அளவுக்கு மிஞ்சிச் சூடானாலும் வரும். ஊத்துக்குழாயை, அதாவது உலோகம் அச்சுக்குள்ள ஓடி வாற வழியை, தடிப்பான இடத்தில வைக்காமல் மெல்லிய இடத்தில வைச்சாலும் வரும். மெல்லிய இடம் முதல்ல உறைஞ்சுபோக, தடிப்பான இடத்துக்கு உலோகம் வந்து சேராது, அது சுருங்கேக்க குழி விழும். இதெல்லாம் தெரிஞ்ச ஆள் வார்த்தால் கனக்கக் குறைக்கலாம்.

தாலி விசயத்தில நான் ஐயாவோடதான் நிக்கிறன். இன்னொரு காரணமும் இருக்கு. வார்க்கிறதுக்கு நகைக்குத் தேவையான பொன் மட்டும் காணாது. ஊத்துக்குழாய்க்கும், அதின்ர வாயில மிஞ்சி உறையிற அடிக்கட்டிக்கும் மேலதிகமாப் பொன் வேணும். பொன்னுருக்கில வாற கட்டி சின்னன், அதுக்கு மேல வேறை பொன் சேர்த்தால் பிறகு அது என்ன பொன்னுருக்கு? பிள்ளையார் தாலியோ, கொம்புத் தாலியோ, வேதக்காறரின்ர புறாத் தாலியோ, அதைக் கையால செய்யட்டும்.

ஆனா எல்லா நகையும் தாலி இல்லை. தடிப்பு மாறி மாறி ஓடுற உருவம், வளைஞ்சு திரும்புற இலை, ஆளின்ர முகம், மிருகம், தொட்டால் உருண்டு நிக்கிற வடிவம், இதெல்லாம் தகட்டில கொண்டுவாறது பெரும்பாடு. மெழுகில அது இயல்பா வரும். சங்கிலிக் கண்ணி, கொழுக்கி, கல்லைப் பிடிக்கிற மெல்லிய கால் எண்டால் கம்பியில செய்து ஒட்டுங்கோ, அங்க இழுத்த கம்பியின்ர உறுதி வேணும். ரெண்டு கையும் தெரிஞ்ச ஆள்தான் எதை எதில செய்யோணும் எண்டு முடிவெடுக்கலாம். தங்கச்சிக்கு வீட்டிலயே பட்டறை இருக்கு. ரெண்டையும் சேத்துப் பழகட்டும் ஐயா.

வவுனியா_வெள்ளி:
பாரம் கூட எண்ட கதைக்கு மறுமொழி தராசில இருக்கு. மெழுகை நிறுத்தாலே நகையின்ர நிறை தெரியும். மெழுகின்ர அடர்த்தி ஏறக்குறைய தண்ணியின்ர அளவு. ஆனபடியால் மெழுகு நிறையை உலோகத்தின்ர அடர்த்தியால பெருக்குங்கோ. 925 வெள்ளிக்கு 10.4, 22 கரட் தங்கத்துக்கு 17.8, மஞ்சள் 18 கரட்டுக்கு 15.5, பித்தளைக்கு 8.5 அளவில.

உதாரணத்துக்கு மெழுகு மோதிரம் 0.8 கிராம் எண்டு வையுங்கோ. வெள்ளியில 8.3 கிராம் வரும். அதையே 22 கரட்டில வார்த்தால் 14.2 கிராம். ஒரு பவுண் 8 கிராம் எண்டால் அது ஒண்டேமுக்கால் பவுண்! வாடிக்கைக்காறர் ஒரு பவுணில கேட்டவை எண்டால் உங்கட மெழுகு 0.45 கிராமில நிக்கோணும். அப்ப உள்பக்கத்தைக் குடைஞ்சு எடுக்கிறது கட்டாயம். ஐயா சொன்ன 'ரெண்டு பவுண்' வேலை எல்லாம் குடையாமல் விட்ட வேலை. 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்டை வாளுக்கு முதல் வாங்குங்கோ எண்டுகூடச் சொல்லுவன். விலை சொல்லேக்க நாக்குப் பிறழாது.

வார்க்கக் குடுக்கிற இடம் எண்டால் கொழும்பு செட்டியார் தெருப் பக்கம் விசாரியுங்கோ. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காறரிட்டைக் கேட்டாலும் தாங்கள் எங்க அனுப்பினம் எண்டு சொல்லுவினம். ஒரு பெட்டியில பஞ்சு வைச்சு, மெழுகை அசையாமல் அடுக்கி அனுப்போணும். எந்த உலோகம், எத்தனை உருப்படி, மெழுகின்ர நிறை எல்லாம் துண்டில எழுதி, படமும் எடுத்து வைச்சிருங்கோ.

ஒட்டுசுட்டான்_கோலம்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணீரூற்று ஐயா, நீங்கள் சொன்னதில ஒரு குறையும் நினைக்கேல்லை. பெரியப்பாவிட்டைக் கம்பி இழுக்கிறதும் ஊதுறதும் பழகுறன் எண்டு சொல்லிப்போட்டன், அவருக்கும் சந்தோசம். ஊதா மெழுகும் ஓடர் பண்ணியாச்சு. ஒரு கேள்வி. கொழும்புக்கு அனுப்பி வாறதுக்கு முன்னம், வீட்டில சின்னனா ஒரு வார்ப்பு செய்து பாக்க வழி இருக்கோ? பெரியப்பாவிட்டை உலோகம் உருக்கிற மூசையும் வெங்காரமும் இருக்கு.

செம்மலை_கரை:
இருக்கு தங்கச்சி, அதுவும் எங்கட கடற்கரையிலயே இருக்கு. கணவாய் ஓடு! கரையில ஒதுங்கிக் கிடக்கும், மீன் வெட்டுற இடத்திலயும் கேட்டு வாங்கலாம். பெரிசா, தடிப்பா, உடையாததாப் பாத்து எடுத்து நல்லாக் காயவையுங்கோ. ரெண்டாப் பிளந்து, மென்மையான முகத்தை ஒண்டோடொண்டு உரசினால் இடைவெளி இல்லாமல் பொருந்தும். பிறகு அந்த முகத்தில நேரடியா உருவத்தைக் குழியாச் செதுக்கலாம், அல்லது மரத்திலயோ உலோகத்திலயோ செய்த உருவை நடுவில வைச்சு அமத்தலாம். மேல புனல் மாதிரி வாய் வெட்டி, காத்து வெளிய போகச் சின்னக் கோடுகளும் கீறி, கம்பியால கட்டி, வெள்ளியை உருக்கி ஊத்துங்கோ. ஓட்டின்ர வரிகள் வெள்ளியில அப்பிடியே விழும், அந்த வரியே தனி வடிவு. ஒரு ஓடு கூடுதலா ஒரு தரத்துக்குத்தான். கருகேக்க நாத்தம் பொல்லாதது, வெளியில வைச்சுச் செய்யுங்கோ.

ஒரே ஒரு விசயத்தில கவனம். ஈரம் இருக்கக்கூடாது. ஈரமான அச்சில உருகின உலோகம் பட்டால் தண்ணி ஆவியாகி வெடிச்சுத் தெறிக்கும். கண்ணாடி, சப்பாத்து, பருத்திச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, பெரியப்பாவைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ.

மாங்குளம்_தாதி:
நான் நகை வேலை தெரிஞ்ச ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில வேலை செய்யிறபடியால் ஒண்டு எழுதாமல் இருக்கேலாது. வார்ப்புச் சாந்து எண்டு மேல எழுதினது ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த தூள். அந்தச் சிலிக்காத் தூசு நெஞ்சுக்குள்ள போய்ப் படிஞ்சால் சிலிக்கோசிஸ் எண்ட நுரையீரல் வருத்தம் வரும். அதைத் திருப்பிச் சுகப்படுத்தேலாது. பிற்காலத்தில ஆரும் வீட்டில சாந்து கலக்கத் தொடங்கினால் துணி மாஸ்க் காணாது, என்95 அல்லது அதை விட நல்ல மாஸ்க் போடுங்கோ. குசினியிலயோ பிள்ளையள் படுக்கிற அறையிலயோ கலக்காதேங்கோ. கொட்டுண்டதைத் தும்புத்தடியால கூட்டாமல் ஈரத்துணியால துடையுங்கோ. கணவாய் ஓட்டை உரசேக்கயும் மாஸ்க் போடுங்கோ, அந்தத் தூளும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

கும்பகோணம்_வார்ப்பு:
தாதி அம்மா சொன்னது முக்கியம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். சுவர் பூசும் பாரிஸ் சாந்தை வைத்து வார்க்கலாம் என்று சிலர் காணொளி பார்த்து இறங்குகிறார்கள். அது சூட்டில் வெடித்துவிடும். நகை வார்ப்புச் சாந்தில் சிலிக்கா சேர்ப்பதே அந்தச் சூட்டைத் தாங்கத்தான். அதையும் படிப்படியாக 730 பாகை வரை ஏற்றி, சாந்து ஊற்றிய குடுவையின் அளவுக்கேற்பப் பல மணி நேரம் வைத்திருந்தால்தான் மெழுகு சாம்பலின்றி முழுதாக எரியும். அதற்கு மேலே போனால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு வரும், உலோகம் கெடும். விறகடுப்பில் இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது.

பரந்தன்_வடிவமைப்பு:
நான் கேக்கிறது ஒண்டுதான். இப்ப எல்லாரும் கணினியில கீறி, முப்பரிமாண அச்சில மெழுகை எடுக்கினம். கையால செதுக்கிப் பழகி என்ன பிரயோசனம்?

கிளிநொச்சி_வாளரம்:
நல்ல கேள்விதான். ஒரே அளவில நூறு மோதிரம், கல்லு வரிசையா இருக்கிற வேலை எண்டால் கணினிதான் சரி, அதில வாதமில்லை. ஆனா அரைக் கிராம் மெழுகைக் கையில பிடிச்சு, எந்த இடத்தில விரல் உறுத்தும், எந்த விளிம்பு சட்டையில கொழுவும் எண்டு உணர்ந்த ஆள் கணினியில கீறினால் அந்த வேலை வேறை தரத்தில இருக்கும். அதோட வன்னியில ஒரு பிள்ளை இண்டைக்குத் தொடங்கிறதுக்கு ஒரு துண்டு மெழுகும் ஒரு அரமும் காணும். கணினி, மென்பொருள், அச்சு இயந்திரம் எண்டால் எவ்வளவு காசு? முதல் கை, பிறகு கணினி. இது என்ர முடிவு.

முறையாப் படிக்க விரும்பினால் கடுவெலையில மாணிக்கக்கல், ஆபரண ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இருக்கு, அரசாங்கத்தின்ரதுதான். என்னென்ன பாடநெறி நடக்குது, தமிழில படிப்பிக்கினமோ, தங்குமிடம் எப்பிடி எண்டு போன் பண்ணி விசாரிச்சுப்போட்டுப் போங்கோ.

ஒட்டுசுட்டான்_கோலம்:
பட்டை மோதிரம் செய்து முடிச்சிட்டன். ரெண்டு பக்கமும் சமாந்தரமா வந்திருக்கு, இடுக்கிமானியில பாத்தன். இப்ப பாலைப்பழக் கொத்து ஒண்டைப் பென்டனாச் செதுக்கிக்கொண்டிருக்கிறன். ரெண்டு இலை, அதுக்குக் கீழ மூண்டு பழம். பழம் உருண்டையா இருக்கிறபடியால் நிறை ஏறுது, மெழுகே 1.3 கிராம். வெள்ளியில 13 கிராமுக்கு மேல போகுது. பின்பக்கத்தால குடையலாம் எண்டு நினைக்கிறன். எவ்வளவு தடிப்பு விடோணும்? எப்ப நிப்பாட்டோணும் எண்டு எப்பிடித் தெரியும்?

கிளிநொச்சி_வாளரம்:
பாலைப்பழம் எண்டது நல்ல தெரிவு தங்கச்சி. கடையில வாற அச்சு இலையை விட அது எங்கட காட்டின்ர பொருள்.

குடையிறதுக்கு முதல் முன்பக்கத்தை முழுசா முடியுங்கோ. குடைஞ்ச பிறகு முன்னுக்கு அரம் போட்டால் ஓட்டை விழும். பின்பக்கத்தில விளிம்பில இருந்து ஒன்றரை மில்லிமீற்றர் உள்ளுக்கு ஒரு கோடு கீறுங்கோ, அந்தக் கோட்டுக்கு வெளிய தொடக்கூடாது. உள்ளுக்குச் சுரண்டியால கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோ. மோட்டாரில உருண்டை அலகு போட்டால் ஆக மெதுவா ஓடவிடுங்கோ, வேகம் கூடினால் மெழுகு உருகி அலகைச் சுத்தும்.

தடிப்பைப் பாக்க விளக்குக்கு நேர பிடியுங்கோ. மெல்லிய இடம் வெளிச்சமாத் தெரியும், தடிச்ச இடம் இருட்டாத் தெரியும். எல்லா இடமும் ஒரே நிறமா வரும்வரை இருட்டான இடத்தை மட்டும் சுரண்டுங்கோ. வெள்ளிக்கு 1 மில்லிமீற்றருக்குக் கீழ போகாதேங்கோ. வார்த்தபிறகு கொஞ்சம் சுருங்கும், அரமும் மெருகும் இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். தவறி ஓட்டை விழுந்தால் பயப்பிடாதேங்கோ. ஊசியை ஸ்பிரிட் விளக்கில சூடாக்கி, அதே மெழுகின்ர துளியை விட்டு, ஓட்டையின்ர ஓரமும் உருகிச் சேரும்வரை ஊசியை வைச்சிருங்கோ. மேலால மட்டும் மூடினால் வார்ப்பில அந்த இடம் வெடிப்பா வரும். கடைசியா பழைய நைலோன் காலுறையால தேய்ச்சால் அரக்கோடு எல்லாம் போகும். மெழுகில கிடக்கிற கோடு வெள்ளியிலயும் கிடக்கும், வெள்ளியில அதை எடுக்கிறது பத்து மடங்கு வேலை.

தண்ணீரூற்று_பட்டறை:
பிள்ளை, கொளுவுற வளையத்தை மெழுகில வைக்காதை. வெள்ளிக் கம்பியில வளைச்சு, வார்த்து வந்தபிறகு பொடி வைச்சு ஊது. பெரியப்பாட்டைக் கேட்டால் காட்டுவார். பழக்காம்புக்குப் பின்பக்கம், பாரம் நேர விழுற இடத்தில வை, இல்லாட்டிக் கழுத்தில முன்னுக்குக் கவிழும். நூலில தொங்கவிட்டுப் பாத்துப்போட்டு இடத்தைக் குறி.

ஒட்டுசுட்டான்_கோலம்:
சரி ஐயா, நூலில தொங்கவிட்டுப் பாக்கிறன். காம்புக்குப் பின்னால எண்டால் நடுப்பழம் நேர வருமெண்டு நினைக்கிறன். வாளரம் அண்ணை, ஊத்துக்குழாயை எங்க வைக்கோணும் எண்டு வார்க்கிற ஆக்களுக்கு நான் சொல்லிவிடோணுமோ, அவையே பாப்பினமோ?

கிளிநொச்சி_வாளரம்:
அவை பாப்பினம், எண்டாலும் நீங்கள் குறிச்சு விடுங்கோ. நடுப்பழத்தின்ர பின் விளிம்பு, அந்த இடம்தான் தடிப்பு, வெட்டி எடுத்து அரம் போட்டாலும் முன்னுக்குத் தெரியாது. படத்தில ஒரு அம்புக்குறி போட்டு 'ஊத்துக்குழாய் இங்க, முன்முகத்தில வேண்டாம்' எண்டு எழுதி பெட்டிக்குள்ள வையுங்கோ.